டவுன் என்றால் எந்த ஊர்?

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து திருநெல்வேலி டவுன் வரை ஒரே சொல்தான். ஆனால் ஊருக்கு ஊர் அதற்கு வேறு அர்த்தம். பஸ் டிக்கெட்டிலிருந்து வீட்டு வரி வரை பல விஷயங்களை அந்த அர்த்தமே தீர்மானிக்கிறது.

பெங்களூர் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் அரை நாள் நடந்தால் அரை டஜன் டவுன்களைக் கடந்துவிடலாம். பென்சன் டவுன், கிளீவ்லண்ட் டவுன், ஃபிரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன் என்று வரிசையாக வருகின்றன. ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே சில சமயம் தகராறுதான். ரிச்சர்ட்ஸ் டவுன் என்பது ஒரு பூங்கா, அதைச் சுற்றிச் சில அகலமான தெருக்கள், பாட்டரி ரோடு பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடம், தோட்டம் வைத்த பங்களாக்கள், பங்களாக்களை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகள். அவ்வளவே. முனிசிபாலிட்டி கிடையாது, தனிச் சந்தை கிடையாது, பஸ் நிலையம் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து முதல் முறையாக வரும் ஒருவருக்கு இது ஒரு பேட்டை, அல்லது ஒரு நகர். டவுன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

குழப்பத்துக்குக் காரணம் பெங்களூரின் இரட்டைப் பிறவி. கெம்பே கௌடா கட்டிய பேட்டை ஒரு பக்கம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயப் படை 1809-இல் இடம் மாறி வந்து அமைத்த கன்டோன்மென்ட் இன்னொரு பக்கம். கன்னடத்தில் அதற்கு ‘தண்டு’ என்று பெயர். 1881-இல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திருப்பித் தரப்பட்டபோதும் ஆங்கிலேயர்கள் கன்டோன்மென்டைத் தங்கள் வசமே வைத்துக்கொண்டார்கள். ‘சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் அது 1947 வரை தனி ஆட்சிப் பகுதி. மதராஸ் ராணுவத்தோடும் அதற்குச் சரக்கு கொடுத்த வியாபாரிகளோடும் கட்டட வேலைக்காரர்களோடும் வந்து குடியேறிய தமிழர்கள் இந்தப் பக்கம்தான் அதிகம். பேட்டை பக்கத்தை அவர்கள் ‘சிட்டி’ என்றார்கள். ஆக, பெங்களூரில் சிட்டி ஓரிடம். டவுன்கள் வேறோர் இடம்.

1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. நெரிசலான தெருக்களும் காற்றோட்டமில்லாத வீடுகளும்தான் நோய்க்கு வசதி செய்து கொடுக்கின்றன என்று இரு நிர்வாகங்களும் முடிவுக்கு வந்தன. சிட்டி பக்கம் மல்லேஸ்வரம், பசவனகுடி என்ற விஸ்தரிப்புகள் எழுந்தன. கன்டோன்மென்ட் பக்கம் 1906-இல் ஃபிரேசர் டவுனுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நேர்க்கோட்டுத் தெருக்கள், சாக்கடை, வீட்டுக்கு வீடு இடைவெளி. ஒரே மாதிரியான தேவைக்குத்தான் இரு பக்கமும் மனைகள் பிரிக்கப்பட்டன. ஒரு பக்கம் கோவிலின் பெயரும் சாமியின் பெயரும் வைத்தார்கள். மறு பக்கம் அதிகாரியின் பெயரோடு டவுனைச் சேர்த்தார்கள்.

ஸ்டூவர்ட் ஃபிரேசர், நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளவயதில் ஆசிரியராக இருந்து, பின்னர் மைசூரில் ரெசிடென்ட் ஆனவர். ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பெயர் தந்த எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் கன்டோன்மென்டின் கலெக்டர். தமிழ் வாசகர்களுக்கும் அவர் அந்நியர் அல்ல. 1918-இல் வெளியான சேலம் மாவட்ட கெஜட்டியர் அவர் எழுதியது. 1909-இல் பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு தோன்றக் காரணமாக இருந்தவரும் அவர்தான். பெயரைத் தினமும் உச்சரிப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்.

வேலியும் தோட்டமும்

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பிறந்தபோது அதற்கு நகரம் என்ற பொருளே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் அடைப்பு, வேலியிட்ட இடம். அதன் சகோதரச் சொற்கள் இன்னும் பழைய பொருளை விடவில்லை. ஜெர்மன் மொழியில் ‘ட்ஸௌன்’ என்றால் வேலி. டச்சு மொழியில் ‘டௌன்’ என்றால் தோட்டம். வேலி அடைத்த இடம் பண்ணையாகி, பண்ணை கிராமமாகி, கிராமம் சந்தை கூடும் ஊரான பிறகுதான் ‘டவுன்’ இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. வாஷிங்டன், வெலிங்டன் போன்ற பெயர்களின் வாலில் ஒட்டியிருக்கும் ‘டன்’ இதே சொல்லின் தேய்ந்த வடிவம். நீலகிரியின் வெலிங்டனும் இந்தக் கணக்கில் ஒரு டவுன்தான்.

வேலியிலிருந்து ஊர் முளைப்பது தமிழுக்கும் புதிதல்ல. தஞ்சைப் பக்கம் நிலத்தை வேலிக் கணக்கில் அளப்பார்கள். இருபது மா ஒரு வேலி. ஏக்கர் கணக்கில் ஆறரைக்குச் சற்று அதிகம். முள்ளால் அடைத்த வேலி, நில அளவாகி, ஊர்ப் பெயரிலும் ஏறிவிட்டது. சாமிக்குப் படைக்கக் காயப்போட்ட நெல்லை மழை வெள்ளம் கொண்டுபோகாமல் சிவன் வேலியிட்டுக் காத்ததால் திருநெல்வேலி என்பது தலபுராணம். அந்த ஊரில் நெல்லையப்பர் கோவிலைச் சுற்றியுள்ள பழைய பகுதிக்கு இன்று என்ன பெயர்? டவுன். ஜங்ஷனில் இறங்குபவர்கள் அல்வா வாங்க ‘டவுனுக்கு’ப் போகிறார்கள். மூலத்தைப் பார்த்தால், திருநெல்வேலி டவுன் என்பவர் ஒரே மூச்சில் இரண்டு மொழிகளில் வேலி என்கிறார்.

திருநெல்வேலியில் டவுன் என்றால் பழைய ஊர். பெங்களூரில் டவுன் என்றால் புதிய விஸ்தரிப்பு. ஒரே சொல் நேர் எதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது. சென்னையில் அது செய்த வேலை மூன்றாவது வகை. கோட்டைக்குள் வெள்ளையர் இருந்த இடம் ஒயிட் டவுன். வெளியே நெசவாளர்களும் வணிகர்களும் இருந்த இடம் பிளாக் டவுன். வேலி என்ற ஆதிப் பொருள் இங்கே நிறவேலியாக நின்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் பிளாக் டவுன், ஜார்ஜ் டவுன் ஆயிற்று. நிறம் போனது, டவுன் நிலைத்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1920-இன் சென்னை நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து மாம்பலத்தில் உருவான புதுக் குடியிருப்புக்கு யாரும் டவுன் என்று பெயரிடவில்லை. அது தியாகராய நகர். காலம் மாறியிருந்தது.

இங்கிலாந்திலும் நிலைமை தெளிவாக இல்லை என்பது ஓர் ஆறுதல். அங்கே ஓர் ஊரை ‘சிட்டி’ ஆக்குவது அதன் பருமன் அல்ல, அரச ஆணை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ரெடிங் இன்னும் டவுன்தான். வேல்ஸில் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத செயின்ட் டேவிட்ஸ் ஒரு சிட்டி.

தமிழ் எழுத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு சங்கடம். ஊரைக் குறிக்கும் டவுனும் ‘கீழே’ என்று பொருள்படும் டவுனும் ஒரே எழுத்துக்கள். ‘பேட்டரி டவுன்’ என்று யாராவது எழுதினால் அது பழுதா, பெங்களூரின் இன்னொரு பேட்டையா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை, அந்த இரண்டாவது டவுன் பழைய ஆங்கிலத்தில் ‘குன்றிலிருந்து’ என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. மலையைக் குறித்த சொல்தான் இன்று பள்ளத்தைக் காட்டுகிறது.

டிக்கெட்டில் ஏறிய சொல்

பேச்சுத் தமிழில் டவுன் என்பது ஒரு திசை. எந்தக் கிராமத்துக்கும் அருகில் ஒரு டவுன் உண்டு. உரம், மருந்து, துணி, சினிமா, வக்கீல் எல்லாம் அங்கே. ‘டவுனுக்குப் போயிட்டு வரேன்’ என்பவர் எந்த ஊர் என்று சொல்வதில்லை; கேட்பவர்களும் கேட்பதில்லை. கோயமுத்தூரில் 1892-இல் கட்டிய விக்டோரியா டவுன்ஹாலின் பெயர், கட்டடத்தைத் தாண்டிச் சுற்று வட்டாரத்துக்கே பெயராகிவிட்டது. காவல் நிலையத்தில் டவுன் என்றால் வேறு: பொது இடத்தில் ரகளை செய்பவர் மீது பாய்வதற்கு 1889-இன் டவுன் நியூசன்ஸ் சட்டம் இன்றும் கைவசம் இருக்கிறது.

ஆனால் டவுன் பஸ் அளவுக்கு மக்களைத் தொட்ட பிரயோகம் வேறில்லை. மொபசல் பஸ் ஊர் விட்டு ஊர் போகும். டவுன் பஸ் டவுனுக்குள் ஓட வேண்டும். நடைமுறையில் தமிழ்நாட்டின் பெரும்பாலான டவுன் பஸ்கள் கிராமங்களைத்தான் டவுனோடு கட்டி வைத்திருக்கின்றன. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்யலாம் என்று தமிழக அரசு ஆணையிட்டபோது, அந்தப் பலகைச் சொல் பணமாக மாறியது. ஒரே சாலையில், ஒரே நிறுத்தத்தில், முன்னால் வருவது டவுன் பஸ் என்றால் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய பயணம் இலவசம். பின்னால் வருவது மொபசல் என்றால் கூலியில் ஒரு பங்கு போகும்.

யார் டவுன் என்பது யார் முடிவு?

சட்டத்தின் கண்ணில் டவுன் என்பது இரண்டு வகை. முனிசிபாலிட்டி, பேரூராட்சி என்று அரசு அறிவித்தவை ஒரு வகை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தன் அளவுகோலால் டவுன் என்று கொள்பவை இன்னொரு வகை. இந்த அளவுகோல் மூன்று: குறைந்தது 5,000 மக்கள்; சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர்; முதன்மையாக வேலை பார்க்கும் ஆண்களில் குறைந்தது 75 சதவீதத்தினர் விவசாயமல்லாத தொழிலில் இருப்பது. மூன்றும் இருந்தால் கணக்கில் அது டவுன். ஆட்சியில் அது கிராம ஊராட்சியாகவே தொடரலாம்.

2001-இல் நாடு முழுவதும் இத்தகைய கணக்கெடுப்பு டவுன்கள் 1,362. 2011-இல் 3,894. மொத்தம் 7,935 டவுன்களில் ஏறக்குறைய பாதி, முனிசிபாலிட்டி இல்லாத டவுன்கள் என்று அர்த்தம். கடைகள் இருக்கின்றன, பட்டறைகள் இருக்கின்றன, அடுக்குமாடிகளும் வருகின்றன. பாதாளச் சாக்கடைக்கோ குப்பை லாரிக்கோ ஊராட்சியிடம் பணமும் ஆளும் இல்லை.

அப்படியானால் எல்லோரும் டவுன் ஆவதற்குத் துடிக்க வேண்டும் அல்லவா? தமிழ்நாட்டில் நடப்பது பெரும்பாலும் எதிர்ப்பதம். அருகிலுள்ள நகராட்சியோடோ மாநகராட்சியோடோ தங்கள் ஊராட்சியை இணைக்கக் கூடாது என்று கிராம மக்கள் சாலைக்கு வந்திருக்கிறார்கள். வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் கூடும் என்பது ஒரு பயம். 2005-இன் வேலை உறுதிச் சட்டம் கிராமப்புறத்துக்கு மட்டுமே என்று வகுக்கப்பட்டதால், டவுன் ஆனால் நூறு நாள் வேலை போய்விடும் என்பது அதைவிடப் பெரிய பயம். நிலமில்லாத குடும்பங்களுக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, அந்தக் கூலி கைக்கு வரும் ஒரே ரொக்கமாக இருந்தது. அவர்களைப் பொறுத்தவரை டவுன் என்பது முன்னேற்றம் அல்ல, ஒரு வெட்டு.

அரசுகளும் இந்தச் சொல்லின் விலையை அறிந்தே இருக்கின்றன. 2004-இல் தமிழக அரசு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் ‘சிறப்பு கிராம ஊராட்சிகள்’ என்று ஒரே ஆணையில் மாற்றியது. கிராம வளர்ச்சிக்கென மத்திய அரசு தரும் நிதி கிடைக்கும் என்பது கணக்கு. 2006-இல் ஆட்சி மாறியதும் அவை மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. இடையில் ஒரு தெருவும் நகரவில்லை. ஒரு வயலும் வீடாகவில்லை. சொல் மட்டும் போய் வந்தது.

பெயர் மாறும், வாய் மாறாது

ரிச்சர்ட்ஸ் டவுனின் அக்கம்பக்கத்து டவுன்களுக்கும் அரசு வேறு பெயர் சூட்டியிருக்கிறது. ஃபிரேசர் டவுன், சாளுக்கிய மன்னன் பெயரால் புலிகேசி நகர். காக்ஸ் டவுன், கன்னடக் கவி சர்வக்ஞர் பெயரால் சர்வக்ஞ நகர். அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது, பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் சிலையாக எழுந்தவரும் இதே சர்வக்ஞர்தான். இரண்டு பெயர்களும் சட்டமன்றத் தொகுதிகளாக வாக்காளர் பட்டியலில் நிலைத்துவிட்டன. ஆட்டோவில் ஏறுபவர்களோ இன்னும் ஃபிரேசர் டவுன் என்றுதான் சொல்கிறார்கள். காலனி ஆட்சி மீதான பாசம் இதற்குக் காரணம் அல்ல. தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் என்று நான்கு மொழிகள் புழங்கும் தெருவில் எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி உருளும் சொல் அது. வந்து சேரும் எவருக்கும் அது அந்நியம். அதனாலேயே எவருக்கும் சொந்தம்.

பெங்களூர் 2014-இல் அதிகாரபூர்வமாக பெங்களூரு ஆனது. 2025-இல் அதன் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. எல்லைகள் மறுபடி வரையப்பட்டன. அலுவலகப் பலகைகள் மாற்றப்பட்டன. சட்டப்படி எந்நாளும் டவுனாக இல்லாத ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை; மாநகரத்தின் நடுவில் இருப்பதால் குழாயும் சாக்கடையும் அதற்கு எப்போதோ வந்துவிட்டன. சட்டப்படி டவுனாக வேண்டுமா, கிராமமாகவே இருக்க வேண்டுமா என்ற கேள்வி, எங்கோ ஒரு நகராட்சியின் எல்லையை ஒட்டிய ஊராட்சிகளில்தான் இன்னும் அனலாக இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வேலியைக் குறித்த சொல், அங்கே இன்றும் வேலியாகத்தான் இருக்கிறது: உள்ளே இருப்பவருக்கு ஒரு கணக்கு, வெளியே இருப்பவருக்கு இன்னொரு கணக்கு.