காசும் கொடுத்து, சமையலும் செய்யணும்!

ஹோட்டலுக்கு எதற்குப் போகிறோம்? வீட்டில் சமைக்கச் சோம்பல்... அதற்குத்தானே! ஆனால், அமெரிக்காவில் ஒரு ஹோட்டல். டேபிள் நடுவிலேயே மின்சார அடுப்பு. அதன்மேல் பானை. பச்சை இறைச்சி, காய்கறி, ஆளுக்கொரு நீளமான முள்கரண்டி எல்லாம் வைத்துவிட்டு, 'நீங்களே வேக வெச்சு சாப்பிடுங்க சார்' என்று போய்விடுகிறார் சர்வர்! இதற்கு ஜோடி ஜோடியாய் வருகிறார்கள்.

பெயர் 'தி மெல்ட்டிங் பாட்'. 1975-ல் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ பக்கத்தில் ஆரம்பித்த கடை. அப்போது மெனுவில் மொத்தமே மூன்று அயிட்டம்தான் - சீஸ், மாட்டிறைச்சி, சாக்லேட். அங்கே சர்வர் வேலை பார்த்தவர் மார்க் ஜான்ஸ்டன் என்ற காலேஜ் மாணவர். சகோதரரோடு சேர்ந்து 1979-ல் டாலஹாஸி நகரில் ஒரு கிளை திறந்தார். 1985-ல் ஒட்டுமொத்தக் கடைக்கும் உரிமையை வாங்கிவிட்டார்கள் சகோதரர்கள். சர்வரை 'ஏய்... தண்ணி!' என்று அதட்டுகிறவர்கள் கவனிக்க!

இந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் ஃபாண்டூ. பிரெஞ்சு மொழியில் 'உருகியது' என்று அர்த்தம். சொந்த ஊர் சுவிட்சர்லாந்து. பூண்டு தேய்த்த பானையில் ஒயினைச் சூடாக்கி, க்ரூயேர் சீஸைத் துருவிப் போட்டு, கொஞ்சம் சோளமாவு சேர்த்துக் கிண்டுவார்கள். ரொட்டித் துண்டைக் குத்தி, முக்கி, வாயில் போட வேண்டியதுதான். 1930-களில் அங்கே சீஸ் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த யூனியன், 'இதுதான் நம்ம தேசிய உணவு' என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தது. ஸ்டாக்கும் தீர்ந்தது, பாரம்பரியமும் கிடைத்தது!

சட்டதிட்டமும் உண்டு. ரொட்டியைப் பானைக்குள் நழுவவிட்டால், ஆண்கள் எல்லோருக்கும் ஒயின் வாங்கித் தர வேண்டும். பெண்கள் என்றால், பக்கத்தில் இருப்பவருக்கு முத்தம்! ('எந்தப் பக்கத்து சீட் காலி?' என்று கேட்காதீர்கள்.)

"எல்லோரும் ஒரே பானையிலா? எச்சில் ஆச்சே!" என்று பாட்டி அலறுவது கேட்கிறது. கவலை வேண்டாம். பானைக்குள் போகும் முள்கரண்டி வாய்க்குள் போகக்கூடாது. துண்டைத் தட்டில் தள்ளிவிட்டு, வேறு முள்கரண்டியால் சாப்பிட வேண்டும். இன்னொன்று... பச்சை இறைச்சியைத் தொட்ட முள்ளை அப்படியே வாயில் வைத்தால் வயிறு கெடும். அது கொதியிலிருந்து வந்ததென்றால் நாக்கும் சுடும்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரிஜினல் க்ரூயேர் சீஸில் பாலைத் திரிய வைப்பதே கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்தான். கம்பெனி வேலையாக அமெரிக்கா போகிற தம்பிகள் கேட்டுவிட்டு முள்ளைத் தூக்குங்கள். கடைசியில் வரும் சாக்லேட் பானையில் ஸ்ட்ராபெரியை முக்கலாம். இது சுவிட்சர்லாந்து சரக்கே இல்லை. 1960-களில் நியூயார்க்கில் பிறந்தது!

சரி, இத்தனை பாடுபட்டு எதற்கு அங்கே போக வேண்டும்? ஒரு துண்டு வேக இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷம் என்ன செய்வது? எதிரே இருப்பவரோடு பேசித்தான் ஆக வேண்டும். சீஸ், சாலட், இறைச்சி, சாக்லேட் என்று நாலு ரவுண்டு முடிய இரண்டு மணி நேரம் ஓடிவிடும். ஆபீஸில் பத்து நிமிஷத்தில் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, வீட்டில் டி.வி. பார்த்தபடியே சாப்பிட்டு முடிக்கிற ஆசாமிக்கு, மனைவியின் முகத்தைப் பார்த்து இரண்டு மணி நேரம் பேசுவது லேசான காரியமா? அந்தக் கடை விற்பது சீஸ் இல்லை சார்... நேரம்!

அதை வீட்டில் ஒரு தோசைக்கல்லைச் சுற்றி உட்கார்ந்தாலே இலவசமாகப் பெறலாம். அங்கேயோ, வேக வைப்பது எல்லாம் நம்ம பொறுப்பு. பில்லை மட்டும் அவங்களே நல்லா வேக வெச்சு, சுடச்சுடக் கொண்டு வந்துடுவாங்க!