கையடைப்புத் தோட்டாவும் குறி தவறாமையும்

கையடைப்புத் தோட்டா என்பது, தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யப்படாமல், துப்பாக்கியைப் பயன்படுத்துபவரே உறுப்புகளை ஒவ்வொன்றாக அளந்து சேர்த்து உருவாக்கும் தோட்டா ஆகும். அமெரிக்கா, ஆத்திரேலியா முதலிய நாடுகளில் வேட்டைக்காரர்களும் குறிசுடும் விளையாட்டு வீரர்களும் இதனைச் சட்டப்படி செய்துவருகின்றனர். இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா செய்வது கடுங்குற்றம். ஆயினும் இதற்கு அடிப்படையான இயற்பியலும் புள்ளியியலும் மாணவர்கள் அறியத்தக்கவை. குறி தவறாமைக்குக் காரணம் மருந்தின் வலிமை அன்று; ஒரு தோட்டாவைப் போலவே அடுத்த தோட்டாவும் இருப்பதே காரணம்.

நாட்டுத் துப்பாக்கி

தமிழ்நாட்டில் கையால் கெட்டிக்கும் முறைக்கு நன்கு அறிந்த எடுத்துக்காட்டு நாட்டுத் துப்பாக்கி ஆகும். நரிக்குறவர் மக்கள் பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாட இதனையே நெடுங்காலம் பயன்படுத்தினர். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, நார் அல்லது துணியை அடைத்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, மீண்டும் அடைத்து, நீண்ட கம்பியால் இடித்து இறுக்குவர். கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவை. கேப்பு எனப்படும் சிறு மூடியைச் சுத்தி அடிக்கும்போது எழும் பொறி மருந்தைப் பற்றவைக்கிறது.

இத்துப்பாக்கி தொலைவில் குறி தவறுவதற்குச் சுடுபவரின் திறமைக் குறைவு காரணம் அன்று. மருந்தின் அளவு, இடித்த அழுத்தம், அடைப்பின் தடிமன் ஆகியவை ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். அதனால் குண்டின் வேகமும் மாறும். மேலும் குழலின் உட்புறம் வழுவழுப்பானது. ரைஃபிளின் குழலிலோ திருகுபோல் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை குண்டைச் சுழலச் செய்யும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டு நிலைகுலையாமல் செல்லும்.

தோட்டாவின் உறுப்புகள்

இக்காலத் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் கேப்பு, உள்ளே புகையற்ற வெடிமருந்து, முனையில் குண்டு. சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வளி பின்னே கசியாமல் அடைக்கிறது. பிறகு சற்றே சுருங்கி வெளியே வருகிறது. ஒருமுறை சுட்ட கூடு, அந்தத் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் ஆகிவிடுகிறது. கூடுகளை மீண்டும் பயன்படுத்துவோருக்குக் கிடைக்கும் முதல் நன்மை இதுவே.

மருந்தையும் குண்டையும் ‘கிரெயின்’ என்னும் அளவில் நிறுப்பது ஆங்கிலேய வழக்கம். ஒரு கிரெயின் சுமார் 64.8 மில்லிகிராம். பொற்கொல்லர் குன்றிமணியை எடைக்கல்லாகக் கொண்டதுபோல், தானிய மணியிலிருந்து பிறந்த அளவு இது. ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின் இருக்கும்.

வேக வேறுபாட்டின் விளைவு

ஒரு தோட்டாவின் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்திலும், அடுத்ததன் குண்டு 790 மீட்டர் வேகத்திலும் கிடைமட்டமாகக் கிளம்புவதாகக் கொள்வோம். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 100 மீட்டர் செல்வதற்குள் முதலாவது சுமார் 7.7 சென்டிமீட்டரும், இரண்டாவது சுமார் 7.9 சென்டிமீட்டரும் கீழிறங்கும். வேறுபாடு 2 மில்லிமீட்டர்தான். 300 மீட்டரில் அதே வேறுபாடு ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் ஆகிவிடும். தொலைவு மூன்று மடங்கானால் பிழை ஒன்பது மடங்காகிறது. உண்மையில் காற்றுத் தடையும் சேர்வதால் பிழை இன்னும் கூடும்.

வேகம் மட்டுமே காரணம் அன்று. சுடும்போது குழல் அதிர்கிறது. அதிர்வின் எந்தக் கட்டத்தில் குண்டு வெளியேறுகிறதோ அதற்கேற்பத் திசை சிறிது மாறும். குண்டு கூட்டினுள் எவ்வளவு ஆழம் பதிந்துள்ளது, கூட்டின் கழுத்து அதனை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துள்ளது, குண்டு நேராக அமர்ந்துள்ளதா என்பனவும் முடிவைப் பாதிக்கும்.

சோதிக்கும் முறை

ஒரு துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவைக் கண்டறிவது ஆய்வகச் சோதனையைப் போன்றது. ஒரே நேரத்தில் ஒரு காரணியை மட்டுமே மாற்ற வேண்டும். மருந்து உற்பத்தியாளர் வெளியிடும் அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து தொடங்கி, சிறு சிறு படிகளாக உயர்த்திப் பார்ப்பர். அட்டவணையின் உச்ச அளவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அழுத்தம் திடீரென ஏறிக் குழல் வெடிக்கக்கூடும். கேப்பு தட்டையாவதும், கூட்டை வெளியே எடுப்பது கடினமாவதும் அபாய அறிகுறிகள்.

ஒவ்வொரு படியிலும் சில குண்டுகளைச் சுட்டு, தாளில் விழுந்த துளைகளின் பரவலை அளப்பர். 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர் பரவல் என்பது ஒரு கலைநிமிடக் கோணம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இங்கே பலரும் ஏமாறுவது புள்ளியியலில்தான். மூன்று குண்டுகள் அருகருகே விழுந்துவிட்டால் அதுவே சிறந்த தோட்டா என்று முடிவுசெய்வது தவறு; அது தற்செயலாகவும் நேரலாம். ஒரு மாதத்தேர்வு மதிப்பெண்ணைக்கொண்டு மாணவனின் தரத்தைச் சொல்ல முடியாததுபோல், பலமுறை சுட்டுப் பார்த்த பின்னரே முடிவுக்கு வரமுடியும். மிகச் சிறிய பரவலைத் தந்த ஒற்றை அளவைக் காட்டிலும், மருந்து சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறாத இடையளவே நம்பத்தக்கது.

இந்திய வெப்பமும் கார்டைட்டும்

1889இல் பிரித்தானிய வேதியியலாளர்கள் பிரடெரிக் ஏபல், ஜேம்ஸ் டூவர் ஆகியோர் கார்டைட் என்னும் புகையற்ற மருந்தை உருவாக்கினர். கயிறுபோல் நீள இழைகளாக இருந்ததால் அப்பெயர் பெற்றது. நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் இதற்கென ஒரு தொழிற்சாலை 1903இல் நிறுவப்பட்டது. கார்டைட் வெப்பத்தில் கூடுதல் அழுத்தம் தரும். குளிர்நாட்டுக்கு அளவிட்ட தோட்டா, இந்தியக் கோடையில் வேறுவிதமாக நடந்துகொண்டது. எனவே பிரித்தானியத் துப்பாக்கி நிறுவனங்கள் வெப்பநாடுகளுக்கென மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாக்களைச் செய்தன.

ஆட்சியின் அச்சமும் தோட்டாவின் அளவை மாற்றியது. படைத்துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடும் என்று கருதி, 0.450 அங்குல விட்டத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் கொண்டுவர ஆங்கில அரசு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடை விதித்தது. அதனால் 0.465, 0.470 போன்ற புதிய வேட்டைத் தோட்டாக்கள் தோன்றின.

தவறிய குறியின் விலை

வேட்டையில் குறி தவறினால், விலங்கு சாகாமல் காயத்துடன் தப்பிவிடும். நேபாளத்திலும் இன்றைய உத்தராகண்டிலுமாக 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் ஜிம் கார்பெட் சுட்டார். அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்ததைக் கண்டார். இயல்பான இரையைப் பிடிக்க இயலாததாலேயே அது மனிதரைத் தாக்கியது என்பது அவர் கருத்து.

திருநெல்வேலியும் சட்டமும்

தாமிரபரணியின் மேற்பள்ளத்தாக்கில் முண்டந்துறைக் காடு 1962இல் புலிகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1976இல் களக்காடு காப்பிடம் ஆனது. 1988இல் இரண்டும் இணைந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இதனால் நரிக்குறவர்களின் மரபுத்தொழில் நின்றுபோனது. அவர்கள் பாசிமணி, ஊசி விற்பனையைப் பெரிதும் நம்பவேண்டியதாயிற்று.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவை மட்டுமன்றி, அதன் உறுப்புகளையும் அதைச் செய்யும் கருவிகளையும் ‘வெடிபொருள்’ என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. 2019 திருத்தத்தின்படி, உரிமமின்றி இவற்றைத் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறைத்தண்டனை உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் பெற அச்சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அந்த உரிமம் காட்டுவிலங்கைக் கொல்லும் அனுமதி ஆகாது.

மலையடிவாரத்தில் வாழையும் நெல்லும் பயிரிடும் உழவர்களுக்குக் காட்டுப்பன்றி தீராத தொல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் மட்டுமே சுடலாம். வயல்வெளியில் தவறிய ஒரு குண்டு அடுத்த தோட்டத்தில் நிற்பவர்மீது பாயலாம் என்பதால், இங்கும் குறி தவறாமை உயிர்ப்பிரச்சினையே.

விளையாட்டில் இதே அறிவு

1951இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் போட்டிகளில் பயன்படும் 0.22 தோட்டாவைக் கையால் அடைக்க இயலாது. பற்றவைக்கும் மருந்து அதன் விளிம்பிலேயே உள்ளது. எனவே வீரர்கள் பல தொகுதித் தோட்டாக்களைத் தம் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்து, பரவல் குறைந்த தொகுதியைத் தேர்ந்தெடுக்கின்றனர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் பிரிவில், பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். அங்கே 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டுகளையும் அவ்வாறே தொகுதி தொகுதியாகச் சோதித்துத் தெரிவு செய்கின்றனர்.