கார் ஏ.சி. அனலைக் கக்கினால்...

சித்திரை வெயிலில் கீழக்கரையிலிருந்து மதுரைக்குக் குடும்பத்துடன் புறப்படுகிறோம். பரமக்குடியை நெருங்கும்போது ஏ.சி.யிலிருந்து அனல் காற்று வீசத் தொடங்குகிறது. மடியில் கைக்குழந்தை, பின்னிருக்கையில் வயது முதிர்ந்த உம்மா.

ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பிவிடலாம்" என்பதே. இங்கேதான் கவனம் வேண்டும். அந்த வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருவது. பல ஆண்டுகளில் சிறிதளவு குறையலாம். ஒரு கோடைக்குள்ளேயே தீர்ந்துவிட்டதென்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான். குழாய் இணைப்புகளில் படிந்துள்ள எண்ணெய்ப் பிசுக்கு, கசியும் இடத்தைப் பலவேளை காட்டிக்கொடுக்கும். எவ்வகை வாயு, எத்தனை கிராம் என்ற விவரம் பல வண்டிகளில் பானட்டின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த அளவே போதும். மிகுந்தாலும் குளிர்ச்சி குறையும்.

வாயு குறையாமலும் அனல் வீசுவதுண்டு. வண்டி ஓடும்போது குளிர்ந்து, ரயில்வே கேட்டில் நின்றதும் சுடுகிறதா? கண்டன்ஸரின் விசிறி சுழல்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்ப்ரஸரே இயங்கவில்லையெனில், ஒரு சிறு ஃபியூஸ் போயிருக்கவும் கூடும். இதற்குப்போய் ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களும் உண்டு!

வழியில் பழுதானால் கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். தொழுகைக்காக நிறுத்தும்போது மட்டும், உறங்கும் குழந்தையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடாதீர்கள். வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிடங்களில் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும்.