கோல்ப் மட்டைத் தண்டின் இரு தளங்கள்

நாயாற்றுக் கடனீரேரியில் வள்ளந் தாங்கும் கோலொன்றின் அடியை இறுகக் கட்டி, நுனியை ஒருபுறம் இழுத்து விடுக. நுனி சிலவேளை ஒரே கோட்டில் ஆடும். இழுக்குந் திசையைச் சற்று மாற்றினாலோ நீள்வளையமாய்ச் சுழலத் தொடங்கும். கோல் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்புடையதன்று என்பதே காரணம். கோல்ப் மட்டை செய்வோர் தண்டை எத்திசை நோக்கித் தலையிற் பொருத்துவது என்று ஆராய்வதும் இவ்வியல்பு பற்றியே.

கொழும்பில் 1879ஆம் ஆண்டிலும் நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலும் கோல்ப் கழகங்கள் தோன்றியபோது தண்டு மரத்தாலாயது. 1929இல் சென்ட் அன்ட்றூஸ் கழகம் உருக்குத் தண்டுக்கு இசைந்தது. இன்று காபன் நார்த் தாளை உருளையிற் சுற்றிச் செய்வதும் பெருவழக்கு. தாளின் விளிம்புகள் ஒன்றன்மேலொன்று படியுமிடத்தில் சுவரின் தடிப்புச் சிறிது வேறுபடலாம்.

தண்டில் விறைப்பு மிக்க பக்கம் ஒன்றே உளதெனக் கருதி, அதனை முதுகெலும்பு என்பாருளர். பௌதிகம் இதனை ஏற்பதில்லை. சிறு வளைவுகளைப் பொறுத்தவரை, ஒரு பக்கத்து விறைப்பு எதுவோ அதுவே நேரெதிர்ப் பக்கத்துக்கும் ஆம். மிகக் கூடிய விறைப்புள்ள தளமும் மிகக் குறைந்ததும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே அமையும். ஆகவே, தண்டை வளைத்துப் பெயாரிங்கில் உருட்டுங்கால் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டுமே அது துள்ளி நிற்குமாயின், நாம் கண்டது பெரும்பாலும் தண்டின் கோணலையேயன்றி விறைப்பையன்று. விறைப்பு வேறுபாடெனின் எதிரெதிரே ஈரிடங்களில் நிற்றல் வேண்டும். கைக்குத் தெளிவாய்ப் புலப்படுவதனாலேயே இச்சோதனை பலரை ஏமாற்றுகின்றது.

நம்பத்தக்கது அதிர்வுச் சோதனையே. பிடிப்பக்கத்தை வைசில் இறுக்கி, நுனியிற் பாரமிட்டு ஆட்டவேண்டும். இரு தளங்களின் மீடிறன்கள் நிமிடத்துக்கு 260, 262 எனக் கொள்வோம். இரண்டுக்கும் நடுவே இழுத்துவிட்ட நுனி, ஏழரைச் செக்கனில் வட்டமிடும். ஆட்டம் தேயாதிருப்பின் 15ஆம் செக்கனில் முதற்கோட்டுக்குச் செங்குத்தான கோட்டில் ஆடும். உவீற்ஸ்ரன் 1827இல் ஒளிமணி பொருத்திய கம்பிகளைக் கொண்டு காட்டிய விளையாட்டும் இவ்வகையினதே. விறைப்பு மீடிறனின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், இங்கு விறைப்பு வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரையே.

நுனி கோடு பிறழாது ஆடுந் திசையைக் குறித்து, அதனை இலக்கு நோக்கி வைத்துப் பொருத்துவர். எனினும், தலையின் பாரமையம் தண்டின் அச்சிலிருந்து விலகியிருத்தலால், வீச்சின்போது தண்டு முன்னும் கீழுமாக வளைகின்றது. ஒரே தளத்தில் நிற்பதில்லை. எப்படித் திருப்பினும் தண்டு ஒரேயளவாய் வளையவேண்டுமென்பது ஆட்டவிதியுமாகும். எனவே நல்ல தண்டுக்கு இம்முறையால் பெருநன்மை விளையுமென நான் கருதவில்லை. சீரற்ற தண்டுகளாலான தொகுதியில் மட்டைகள் யாவற்றையும் ஒரே முறையிற் பொருத்துவதற்கே இது உதவும்.