கூரைக்கு ஒதுக்கிய காசு

தேவிகுளம் தாலுகாவில் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு வீடு என்பது லயத்தில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமே. குடியிருப்பு அளிக்கும் கடமையை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிமீது சுமத்தியது மெய்யே. ஆயினும் அவ்வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போவது. மூன்று தலைமுறை தேயிலையில் உழைத்தவரும், வேலைக்குப் பிள்ளைகள் இல்லையெனில், ஓய்வு பெற்றதும் பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டியவரே. ஆகவே வீடற்றோர்க்கென ஒதுக்கும் பொதுப் பணம் எவ்வாறு செலவாகிறது என்னும் கேள்வி பட்டணத்து நடைபாதைவாசிக்கு மட்டும் உரியதன்று.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு இராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுபது உயிர்கள் போயின. அவர்களுள் நால்வரின் உடலும் கிட்டவில்லை. இறந்தோர் ஒவ்வொருவர்க்கும் கேரள அரசாங்கம் 5 இலட்சம் ரூபாய் அறிவித்தது. மறுநாள் கரிப்பூர் விமான விபத்தில் இறந்தோர்க்கோ 10 இலட்சம் என்று அறிவிப்பு வந்தது. இவ்விரு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த தோட்டத் தொழிலாளியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பின்னர்க் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசாங்கம் நிலம் தர, தோட்டக் கம்பெனி வீடு கட்ட, எட்டுக் குடும்பங்கள் குடியேறின. எட்டு என்ற கணக்கு எந்த விதியால் வந்தது? நன்கொடையாகத் திரண்டதில் எவ்வளவு எவர் கைக்குச் சேர்ந்தது? இவற்றுக்கு விடை இல்லாமலிராது. அவ்விடை பஞ்சாயத்துச் சுவரில் தமிழில் ஒட்டப்படவேண்டும் என்பதே நமது வழக்கு.

கணக்கு மறைந்திருந்தால் வதந்தி பிறக்கும். 2024 ஜூலை 30இல் வயநாடு முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் அழிந்தபின், ஓர் உடலை அடக்கம் செய்ய 75,000 ரூபாய் என்ற எண் வெளிவந்து நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அது மத்திய அரசிடம் உதவி கோரத் தயாரித்த மதிப்பீடேயன்றிச் செலவு அன்று என அரசாங்கம் விளக்கியது. மதிப்பீடு ஒரு பத்தியிலும் செலவு மறு பத்தியிலுமாக முதலிலேயே வெளியிட்டிருந்தால் இத்தனை மனக்கசப்புக்கு இடமேது?

நாம் இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவர்கள். (மூணாற்று இரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோய்விட்டதால் பிழைப்புக்குக் கீழ்நாட்டுக்கு இறங்கினோம்.) டிக்கெட்டுக் கட்டுக்கும் கல்லாப் பணத்துக்கும் ஐந்து ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. கோடிக் கணக்கில் வீட்டுப் பணம் புரளும் இடத்தில் அந்த உறுத்தல் வேண்டாமா?

செலவழித்ததில் மட்டுமன்று, செலவழியாததிலும் குற்றம் உண்டு. நகரத்து வீடற்றோர் விடுதிகளுக்கென மத்திய அரசு மாநிலங்களுக்குத் தந்த பணம் தேங்கிக் கிடப்பதாக வழக்கு வந்து, 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி கைலாஷ் காம்பீர் தலைமையில் குழு அமைத்து ஆராயச் செய்தது. பனியில் மனிதர் உறங்க, பணம் வங்கியில் உறங்கியது.

நம்மவர் செய்யக்கூடியது என்ன? லைஃப் திட்டத்தில் வீடு பெறுவோர் பட்டியல் கிராம சபைக்கு வரவேண்டும்; பலர் அன்று கூலி போகுமென்று கூட்டத்துக்குச் செல்வதில்லை. செல்லுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தின் 4ஆம் பிரிவு, உதவித் திட்டங்களின் தொகையையும் பயன்பெறுவோர் விவரத்தையும் எவரும் கேளாமலேயே வெளியிடச் சொல்கிறது. வெளியிடாவிடில் 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அதிகாரிக்கு எழுதலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு அதுவும் வேண்டியதில்லை. விடைக்கு 30 நாள் தவணை. மொழி தெரியாதே என்று தயங்கவும் வேண்டாம்: 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களோடு தமிழர் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தந்திருக்கிறது. கடிதத்தின் நகலையும் தபால் இரசீதையும் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கு அவையே முதலில் கேட்கப்படும்.