இயந்திரத்தின் ஓசையும் அவசரத் தீர்ப்பும்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நமது நாட்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கென 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புதிய மோட்டார் சைக்கிள் வாங்க எண்ணியிருந்த பலர், கையிலிருந்த பழையதையே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியவராயினர். எண்பதாயிரம், ஓர் இலட்சம் கிலோமீற்றர் ஓடிய வாகனங்கள் இன்று நம் வீதிகளில் சர்வசாதாரணம். மீன்பெட்டி கட்டிச் செல்லும் வியாபாரிக்கும், தூரத்துப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியருக்கும் அது வாகனம் மட்டுமன்று, வாழ்வாதாரமுமாகும்.

அத்தகைய வாகனத்தின் எஞ்சினிலிருந்து ஒருநாள் புதியதோர் ஓசை எழுகின்றது. "பழையது அப்படித்தான்" என்று பொருட்படுத்தாது ஓடுவோர் ஒருசாரார். கராஜுக்குக் கொண்டுசென்று, இரண்டு நிமிடத்தில் "எஞ்சின் இறக்க வேண்டும்" என்ற தீர்ப்பைப் பெற்றுத் திரும்புவோர் மறுசாரார். முன்னவர் எஞ்சினை இழக்கக்கூடும். பின்னவர் தேவையற்ற செலவுக்கு ஆளாகக்கூடும். ஓசை எப்போது எழுகின்றது, எதனோடு கூடுகின்றது, எதனோடு அடங்குகின்றது என்பவற்றை உரிமையாளரே அவதானித்துச் சொல்வாராயின் நோயின் பாதி இனங்காணப்பட்டுவிடும் என்பதே எமது கருத்தாகும்.

முதலில், ஓசை எஞ்சினுடையதுதானா என்று பார்க்க வேண்டும். சன நடமாட்டமற்ற வீதியில் கிளச்சைப் பிடித்து, அக்சிலேற்றரை விட்டு வாகனத்தை உருள விடுங்கள். எஞ்சின் வேகம் குறைந்தும் ஓசை சில்லின் வேகத்தோடேயே தொடருமாயின் அது செயின், பற்சில்லு அல்லது சில்லின் பெயாரிங் பற்றியதாகும். தளர்ந்த எஞ்சின் ஆணிகளும் சைலன்சர் மூடியும்கூட எஞ்சின் உடைந்துவிட்டதோ என எண்ணுமளவுக்கு அதிர்வதுண்டு. சைலன்சர் குழாய் சிலிண்டரோடு இணையுமிடத்தில் வாயு கசிந்தால் அதுவும் டெபட் போலவே 'டிக் டிக்' என்று ஒலிக்கும். அவ்விடத்தில் படிந்திருக்கும் கரி உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஒயில். நூறு முதல் நூற்றைம்பது சீசீ வரையான எஞ்சின்கள் பெரும்பாலும் ஒரு லீற்றர் அளவான ஒயிலையே கொண்டிருக்கின்றன. அதில் முந்நூறு மில்லிலீற்றர் எரிந்து போவதென்பது மூன்றிலொரு பங்கு குருதியை இழப்பதற்கு ஒப்பானது. தேய்ந்த எஞ்சின் ஒயிலைக் குடிக்கும் என்பதை அறிந்தும் அடுத்த சேர்விஸ் வரை அளவுகோலைத் தொடாதவரே நம்மில் அதிகம். ஒயில் குறைந்தால் முதலில் உலர்வது எஞ்சினின் மேற்பகுதி. ஓசையும் அங்கிருந்தே தொடங்கும். சரியான அளவுக்கு ஒயில் விட்டபின் ஓசை அடங்குமாயின் செலவு அத்தோடு தற்காலிகமாக முடிகின்றது. ஆயினும் ஒயில் எங்கே போனது என்ற கேள்வி எஞ்சியே நிற்கும்.

மேற்பகுதி ஓசையில் பிரதானமானது டெபட் எனப்படும் வால்வு இடைவெளியின் ஓசையாகும். தரித்து நிற்கையில் கிராங்க் நிமிடத்துக்கு 1,400 தடவை சுழலுமாயின் வால்வு 700 தடவையே திறந்து மூடும். எனவே இவ்வோசை மெல்லியதாகவும் ஒழுங்கானதாகவும், கீழ்ப்பகுதி ஓசையைவிட நிதானமாகவும் கேட்கும். இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சிறிதளவு டெபட் ஓசை ஆபத்தானதன்று. முற்றாக அடங்கிப்போன ஓசையே ஐயத்துக்குரியது. நீண்டகாலப் பாவனையில் வால்வு தன் இருக்கையினுள் அமிழ்ந்து இடைவெளி குறைவதுண்டு. இடைவெளியற்ற வால்வு முழுமையாக மூடாது. அதனூடாகக் கசியும் வெப்பவாயு அதன் விளிம்பை எரித்துவிடும். சூடான எஞ்சின் மீண்டும் இயங்க மறுப்பதும் இழுவை குறைவதும் இதன் அறிகுறிகளாகும். ஆனால் சில இடங்களில், ஓசை வருகின்றது என்று சொன்னவுடன் அளவுத்தகடு எதுவுமின்றி, எஞ்சின் ஆறுமுன்னரே டெபட்டை இறுக்கிவிடுகின்றனர். உரிமையாளரும் சத்தம் போய்விட்டதென்று மகிழ்ந்து பணம் கொடுத்துச் செல்கின்றார். சில மாதங்களின் பின் எரிந்த வால்வுக்காக மீண்டும் அங்கேயே வருகின்றார்.

சிலிண்டரின் ஒரு பக்கத்திலிருந்து, குறிப்பாகக் காலையில் இயக்கும்போதும் அக்சிலேற்றரை விடும்போதும் சலசலவென எழும் ஓசை, கேம் செயின் நீண்டுவிட்டதைக் காட்டுகின்றது. அதனை இழுத்துப் பிடிக்கும் கருவி தன் எல்லையை எட்டியிருந்தால் செயினையே மாற்ற வேண்டும். நியூற்றலில் கேட்டு, கிளச்சைப் பிடித்தவுடன் மறைவது கிளச் பகுதிக்குரியது; பெரும்பாலும் அவசரமற்றது. குளிர்ந்த எஞ்சினில் வெற்றுத் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டு, சூடேற அடங்குவது தேய்ந்த பிஸ்டனின் ஓசையாகும். நீலப் புகையும் சேர்ந்து வருமாயின் சிலிண்டர் வேலையைத் திட்டமிட வேண்டும். அன்றே செய்தாக வேண்டியதில்லை.

ஏற்றத்தில் கனமான கியரில் இழுக்கும்போது எழும் கூர்மையான 'கிணுகிணு' ஓசை வேறு வகையைச் சார்ந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய யாழ்ப்பாணத்தவர் அதை மறந்திருக்கமாட்டார்கள். ஒக்ரேன் குறைந்த எரிபொருள் தானாகவே வெடித்தெரிவதால் அது எழுகின்றது. இன்று அவ்வோசை கேட்பின் பிஸ்டன் தலையில் படிந்த கரியையோ, கலப்படமான எரிபொருளையோ, எரிபற்றல் நேரத்தையோ சந்தேகிக்கலாம்.

இவையனைத்திலிருந்தும் வேறுபட்டது, எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த 'டொக் டொக்' ஓசை. அக்சிலேற்றரைத் திருகும்போதும் சுமையோடு செல்லும்போதும் அது பலக்கும், சூடேறினாலும் அடங்காது. கனெக்டிங் ரொட்டின் கீழ்ப் பெயாரிங் தேய்ந்துவிட்டது என்பதே அதன் பொருள். இந்நிலையில் "வீடு வரைக்கும்" என்று ஓடுவதுகூடத் தகாது. ரொட் முறிந்தால் எஞ்சின் உறையைத் துளைக்கும். பின்சில்லு இறுகி நின்றுவிடவும்கூடும். பின்னால் பேருந்தொன்று வரும் பிரதான வீதியில் அதன் விளைவை விவரிக்க வேண்டியதில்லை. ஐயமிருப்பின், கழற்றிய ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மென்மையான சாம்பல்நிறப் பசை இயல்பானது. மினுங்கும் உலோகச் செதில்கள் இயல்பானவையல்ல. நீண்ட ஸ்குறூ ட்றைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை எஞ்சினின் வெவ்வேறு இடங்களில் தொட்டுக் கேட்கும் பழைய முறையும் இன்றுவரை பயனளிக்கின்றது. சுழலும் பாகங்களை அணுகாமல் செய்ய வேண்டும்.

பழைய வாகனம் வாங்குவோர் எஞ்சின் முற்றாக ஆறிய நிலையிலேயே அதை இயக்கிக் கேட்பது நன்று. தடித்த ஒயிலும் முன்கூட்டிய சூடும் பல ஓசைகளை மறைத்துவிடும் என்பதை விற்போர் அறிவர்.

கீழ்ப் பெயாரிங் போய்விட்டதென உறுதியானால், சிறிய எஞ்சின்களில் கிராங்கை அழுத்து இயந்திரத்தில் பிரித்துப் புதிய ரொட் பொருத்தி மையம் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டிச் செய்யும் வேலை அதுவன்று. அதற்குப் பதிலாகப் பழைய எஞ்சினொன்றை முழுமையாக மாற்றிவிடலாம் என்ற ஆலோசனையும் கிடைக்கும். எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்டிருப்பதால், அவ்வாறு மாற்றுவோர் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். அதற்கு அந்த எஞ்சினின் கொள்வனவுச் சான்று கையில் இருத்தல் அவசியமாகும்.