ஆய்வுப் பணி: ஐந்தாண்டுக் கணக்கு

இயற்பியலிலோ வேதியியலிலோ எம்.எஸ்சி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்று ஆய்வில் சேருபவருக்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் 42,000. இது 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தொகை. முதல் 24 மாதத்துக்கு 8,88,000. அடுத்த 36 மாதத்துக்கு 15,12,000. ஆக, ஐந்தாண்டில் 24 லட்சம்.

ஆண்டு ஊதிய உயர்வோ அகவிலைப்படியோ இதில் கிடையாது. ஜே.ஆர்.எஃப். தொகை 2014இல் 25,000, 2019இல் 31,000, அதன்பின் 37,000. அரிசியும் வாடகையும் இப்படி நான்கைந்து ஆண்டு காத்திருந்து ஏறுவதில்லை. 2019 உயர்வுக்கே ஆய்வு மாணவர்கள் வீதியில் இறங்க வேண்டியிருந்தது.

விடுதியில் தங்காதவருக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. 2023 ஆணையின்படி சென்னை போன்ற பெருநகரில் 27 விழுக்காடு, அதாவது 9,990 ரூபாயாக இருந்தது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்தவருக்கு 9 விழுக்காடு, 3,330.

இதே ஐந்தாண்டைப் பிரதமர் ஆய்வு உதவித்தொகையில் கழித்தால் கணக்கே வேறு. 2018இல் தொடங்கிய அத்திட்டத்தில் முதல் இரண்டு ஆண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, கடைசி இரண்டு ஆண்டு 80,000. கூட்டினால் 45 லட்சம். ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வு மானியம் தனி. பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒரே கருவியில் வேலை பார்க்கும் இருவருக்கு 21 லட்சம் வித்தியாசம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பொறியியல் படித்தவர்கள் பலர் திட்டப்பணி வழியாக நுழைகிறார்கள். அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020இல் வகுத்தபடி, 'புராஜெக்ட் அசோசியேட்-I' பணியில் இருப்பவருக்கு நெட், கேட் போன்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறியிருந்தால் 31,000, இல்லையென்றால் 25,000 என்று இருந்தது. வேலை ஒன்றுதான், மாதம் 6,000 குறைவு. 2025 கேட் தேர்வுக் கட்டணம் பொதுப் பிரிவு ஆண்களுக்கு 1,800, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 900. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். எழுதிவிடுங்கள்.

திட்டப்பணி விளம்பரத்தில் "முற்றிலும் தற்காலிகம்", "நேர்காணலுக்குப் பயணப்படி இல்லை" என்ற இரண்டு வரிகள் அநேகமாக இருக்கும். திட்டத்தில் எத்தனை மாதம் மீதி என்பது சில சமயம் இருக்காது. முழுசாக மூன்று ஆண்டு ஓடும் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். ஆகச் சேர்ந்தால் 13,92,000 கிடைக்கும். பாதியில் ஆள் விலகிய இடத்தில் 14 மாதம்தான் மீதி என்றால் 5,18,000. பிஎச்.டி.யோ ஐந்தாண்டுக்குக் குறைந்து முடிவது அரிது. மிச்ச ஆண்டுகளுக்குச் சோறு போடப்போவது யார் என்பதைச் சேரும் முன்பே கைடிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்; பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.